பேர் சொல்லும் போன்

பியோ தொக்சுவின் மடக்கு போன் பத்து வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டு, ஒரு காலையில் கீல் விட்டுப்போய் இரண்டாக அவர் கையில் தொங்கியது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிப் பார்த்தார். மணி அடித்தது, பேசுகிறவர் குரல்தான் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. விஷயம் தெரிந்ததும் மகள் மிரான், புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கும் அவளுக்கு அந்த வாரம் விடுப்பு கிடைக்கவில்லை. தன் வீட்டுக்காரனை அனுப்புவதாகச் சொன்னாள்.

"அவன் எதுக்கு?" என்றார் தொக்சு. "நானே போய் வாங்கிக்குவேன்."

"தனியா போனீங்கன்னா கடைக்காரன் எதையாவது உங்க தலையில கட்டிடுவான்ப்பா. பேசாம அவரோட போயிட்டு வாங்க."

அவளுக்குப் பாதி விஷயம்தான் தெரியும். 'கண்ணு கொஞ்சம் மங்கல்' என்று மட்டும்தான் அவர் மகளிடம் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னது வேறு. அவர் எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு சாம்பல் ஓட்டை விழுந்துவிடும். ஆள் முகத்தைப் பார்த்தால் காது தெரியும், மூக்கும் வாயும் இருக்காது. கொரியாவில், குன்சான் ஊரிலிருந்து ஜியோன்ஜு நகருக்கு முப்பது வருடம் பஸ் ஓட்டி, ஒரு கீறல் விழாமல் வண்டியை டிப்போவில் ஒப்படைத்த மனிதர். மூடுபனியில் மற்ற டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டுகிற நாளில் அவர் மட்டும் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று டிப்போவில் பேச்சு உண்டு. அந்தக் கண் போய்விட்டது என்பதை அவர் வாயால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மருமகன் யூன்சிக் தன் பார்சல் வண்டியிலேயே வந்தான். வேலைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தான். மாமனாருக்கும் அவனுக்கும் பேச்சு என்று பெரிதாக எதுவும் கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. 'இந்தாப்பா' என்பார், இல்லாவிட்டால் பொதுவாகத் தொண்டையைச் செருமுவார். ஊரில் கார் ஆலையை மூடியபோது வேலை போன ஆயிரக்கணக்கான பேரில் யூன்சிக்கும் ஒருவன். அதன்பிறகு இரண்டு வருடம் போல வீட்டில் கிடந்தான். மிரான்தான் சம்பாதித்துப் போட்டாள். ஒருநாள் மத்தியானம் தொக்சு மகள் வீட்டுக்குப் போனபோது, அவன் கழுவாத முகத்தோடு டிவிக்கு முன்னால் படுத்துக்கிடந்தான். அந்தக் காட்சி அவர் மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. பிறகு அவன் கோழி வறுவல் கடை வைத்து நொடித்தான்; அதற்குப் பிறகு பார்சல் வண்டி ஓட்டத் தொடங்கி, இன்றுவரை மழை பனி பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கிறான். தொக்சுவின் மனதில் மட்டும் அவன் இன்னும் அந்த டிவி முன்னால்தான் படுத்திருந்தான்.

முதல் கடை பெரிய சாலையில் இருந்தது. விற்பனைக்கு நின்றவன் நல்ல பேச்சுக்காரன். கண் கொஞ்சம் மங்கலான பெரியவருக்கு என்று யூன்சிக் சொன்னதும், உள்ளங்கையைவிடப் பெரிய கண்ணாடி போனை எடுத்து வைத்தான். எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம் என்று சொல்லி, பெரிதாக்கிக் காட்டினான்.

"ஐயா, இப்ப வாசிச்சுப் பாருங்க. இவ்வளவு பெரிசா எந்தப் போன்லயும் வராது."

தொக்சு போனைக் கையில் வாங்கினார். முகத்துக்கு நேரே பிடித்தார். ஓரத்தில் கொஞ்சம் மினுமினுப்பு, நடுவில் வழக்கமான சாம்பல். எழுத்து பெரிதானால் அவருக்கு என்ன. ஓட்டையும் அதே அளவு பெரிது. ஆனால் பக்கத்தில் மருமகன் நிற்கிறான், பின்னால் வேறு யாரோ வரிசையில் நிற்கிறார்கள். எல்லாப் போனிலும் வழக்கமாக என்ன போட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்து, தெளிவாகச் சொன்னார்:

"'நல்வரவு'ன்னு போட்டிருக்கு. நல்லாத் தெரியுதே."

கடைக்காரன் பதில் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்களும் பேச்சை நிறுத்தியதுபோல் இருந்தது. ஏதோ பிசகு என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. போன் அவர் கையில் வந்த கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துபோயிருந்தது. வெறும் கறுப்புக் கண்ணாடியைத்தான் அவர் வாசித்துச் சொல்லியிருந்தார்.

"இந்த வெளிச்சத்துல எனக்கே ஒண்ணும் தெரியலங்க," என்றான் யூன்சிக் கடைக்காரனிடம். போனை மெதுவாக அவர் விரல்களிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். "வாங்க மாமா, வேற கடை பாக்கலாம்."

வண்டியில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் தொக்சுவுக்கு நடந்தது விளங்கியது. காது மடல் சூடாகிவிட்டது. தன் கண் எந்த நிலையில் இருக்கிறது என்று இனி இவனுக்குத் தெரியும். ஏதாவது கேட்பான், மகளிடம் சொல்லிவிடுவான், என்று காத்திருந்தார். அவன் கேட்டது வேறு.

"நேராப் பாக்கறதவிடச் சாஞ்சு பாத்தாத் தெரியுதா மாமா?"

தொக்சு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஓரத்துல தெரியும்," என்றார்.

"அப்பக் கண்ணாடிப் போன் வேண்டாம். அதுல விரலுக்கு ஒரு அடையாளமும் கிடையாது. பட்டன் வச்சதுதான் சரி."

மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இரண்டாவது கடை. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி தனியாக நடத்தினாள். இங்கே யூன்சிக் பேசிய பேச்சைக் கேட்டு தொக்சு அசந்துவிட்டார். கடையிலிருந்த மடக்கு போன்களை ஒவ்வொன்றாக வாங்கி அவர் கையில் கொடுத்தான். திறங்க, மூடுங்க என்றான். எடுக்கிற பட்டனும் வைக்கிற பட்டனும் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை உடனே திருப்பிக் கொடுத்தான். ஐந்தாம் எண்ணில் புள்ளி புடைத்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொன்னான். அமுக்கிய எண்ணைப் போன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கூப்பிடுகிறவர் பெயரையும் சொல்ல வேண்டும் என்றான். வயரைத் தேடிச் சொருகுகிற வேலை ஆகாது, மேலே வைத்தாலே சார்ஜ் ஏறுகிற தாங்கி வேண்டும் என்றான். இவன் இதையெல்லாம் எப்போது யோசித்தான் என்று தொக்சுவுக்குப் புரியவில்லை. முன்னேற்பாடாக வந்திருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. அப்படியானால் கண் விஷயம் இவனுக்கு முன்பே தெரியும். வீட்டுக்கு வரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

கடைசியில் தேறிய போன் சிவப்பு நிறம்.

"கறுப்பு இல்லையா?" என்றார் தொக்சு. "சிவப்பை வச்சுக்க நான் என்ன கல்யாணப் பொண்ணா?"

"கறுப்ப எங்கயாவது வச்சீங்கன்னா அப்புறம் வீடு பூராத் தடவணும் மாமா. இது ஓரக்கண்ணுலயே பட்டுரும்."

கடைக்காரம்மாள் சிரித்தாள். "பெரியவரே, என் மாப்பிள்ளை எனக்கு இப்படி நின்னு நிதானமா ஒரு செருப்புகூட வாங்கித் தந்ததில்ல," என்றாள். காத்திருந்த இரண்டு பெண்கள் அதை ஆமோதித்தார்கள். தொக்சு தொண்டையைச் செருமினார். ஆனால் உள்ளுக்குள் ஏதோ இளகியது.

அம்மாள் பழைய போனிலிருந்த எண்களையெல்லாம் புதியதற்கு மாற்றினாள். பேசுகிற வசதியை முடுக்கிவிட்டாள். சத்தத்தை முழுக்க வைக்கச் சொன்னான் யூன்சிக். சமையலறையில் தண்ணீர் திறந்திருந்தாலும் கேட்க வேண்டும் என்றான். பிறகு, "ஒரு தடவ அடிச்சுப் பாக்கறேன் மாமா. நீங்க எடுங்க," என்று தன் போனை எடுத்து அழுத்தினான்.

தொக்சுவின் கையில் சிவப்புப் போன் அதிர்ந்தது. செய்தி வாசிப்பவளைப் போன்ற ஒரு பெண் குரல், கடை அதிர, நல்ல மரியாதையோடு சொன்னது:

"தண்டச்சோறு அவர்கள் அழைக்கிறார்."

தொக்சுவுக்கு முதலில் விளங்கவில்லை. குரல் மறுபடி சொன்னது. "தண்டச்சோறு அவர்கள் அழைக்கிறார்." இரண்டாவது தடவையில் விளங்கிவிட்டது. அந்த மத்தியானம், மகள் வீட்டிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்து, அப்போது நன்றாக இருந்த கண்ணால் பார்த்துப் பார்த்து, அவரே போனில் அவன் எண்ணுக்கு மாற்றிவைத்த பெயர். பிறகு அதை மறந்துபோனார். இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் அவனுக்குப் போகும். அவன் அடித்தாலும் திரையைப் பார்க்காமலே திறந்து பேசிவிடுவார். பெயரைப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

போனை நிறுத்த வேண்டும். எந்தப் பட்டன் என்று இப்போதுதான் சொல்லிக் கொடுத்தான், விரல் மறந்துவிட்டது. எதையோ அழுத்தினார், சத்தம் நிற்கவில்லை. "தண்டச்சோறு அவர்கள்" என்று அது மீண்டும் தொடங்கியது. காத்திருந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் ஓசை கேட்டது. மற்றவள் அவளை அடக்கினாள். தொக்சு மருமகனின் முகத்தைப் பார்த்தார். காது தெரிந்தது, சட்டைக் காலர் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

யூன்சிக் தன் அழைப்பைத் துண்டித்தான். கடை அமைதியானது.

"சத்தம் நல்லாக் கேக்குதுல்ல மாமா?" என்றான்.

கடைக்காரம்மாள் தாங்கியைப் பெட்டியில் வைத்து, தேவைக்கு மேல் நேரம் எடுத்துப் பொட்டலம் கட்டினாள்.

மத்தியானம் ஆகிவிட்டதால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அவனே ஒரு சூப்புக் கடைக்குக் கூட்டிப் போனான். முள்ளங்கியும் மாட்டிறைச்சியும் போட்ட சூப் வந்தது. கிம்ச்சி ஊறுகாய்க் கிண்ணத்தை ஓசைப்படாமல் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் நகர்த்தி வைத்தான். தொக்சு சோற்றைத் தொடவில்லை. சூப்பையே கலக்கிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் பேசினார். பேசியதும் பொய்யாகத்தான் வந்தது.

"அந்தம்மா மாத்தும்போது பேரு கலைஞ்சுபோச்சு போல. டிப்போவுல கூட வேலை பாத்த ஒருத்தன்... அவனுக்கு அப்படி ஒரு பேரு வச்சிருந்தோம். அது உன் நம்பர்ல வந்து விழுந்திருக்கு."

யூன்சிக் கொஞ்ச நேரம் மென்றான்.

"இருக்கும் மாமா," என்றான். "மிஷின்தானே."

அவன் சண்டை போட்டிருந்தால் தொக்சுவுக்குத் தெம்பாக இருந்திருக்கும். முப்பது வருடம் டிப்போவில் யார் யாரோடோ கத்திச் சண்டை போட்டவர். பொய் என்று தெரிந்தே ஒருவன் தலையாட்டியபோது என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மீதிச் சூப்பைக் குடித்தார், சூடு பார்க்காமல்.

யூன்சிக் அவரை வீட்டில் விட்டு, தாங்கியை மேசை ஓரத்தில் பொருத்தி, நாலு தடவை போனை எடுத்து வைக்கப் பழக்கிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அவன் போன் வரவில்லை. முன்பெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாளாவது அடிப்பான். 'அந்தப் பக்கமா வர்றேன் மாமா, ஏதாவது வேணுமா?' என்பான். இவர் 'ஒண்ணும் வேண்டாம்' என்று வைத்துவிடுவார். பேச்சு அவ்வளவுதான். அந்த அளவு பேச்சு நின்றுபோனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மிரான் அடித்தாள்; அவளுடைய அத்தை அடித்தாள்; ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் குரல் மரியாதையாகப் பெயர் சொன்னது. அந்த ஒரு பெயரை மட்டும் அது சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் மிரானிடம், பிடிகொடுக்காமல் விசாரித்தார். "உன் வீட்டுக்காரனுக்கு வேலை அதிகமோ?"

"அதெல்லாம் இல்லப்பா. உங்களுக்கு அடிக்கணும்னா என் போனை வாங்கி அடிக்கிறார். தன்னோடதுல சார்ஜ் நிக்கமாட்டேங்குதாம். நேத்து நான் பேசி முடிச்சதும் அவர்தானே வாங்கிப் பேசினார்?"

ஆமாம், பேசினான். முந்தாநாளும் மிரானின் அழைப்பில்தான் பேசினான். தொக்சு கவனிக்காமல் விட்டிருந்தார். தன் எண்ணிலிருந்து அடித்தால் அந்தப் பெயர் அவர் வீட்டில் ஒலிக்கும், அதைக் கேட்டு அவர் கூசுவார் என்று அவன் அடிக்காமலே இருக்கிறான். மகளிடமும் நடந்ததைச் சொல்லவில்லை. தொக்சு போனை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். பெயரை வைத்த அன்று அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. டிப்போவில் சொன்னார், முதியோர் மன்றத்தில் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க இன்னும் சொன்னார். இப்போது அதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

மறுநாள் காலை இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தார். முடிந்தபோது வீட்டுக்கு வந்துவிட்டுப் போகும்படி சொன்னார். என்ன விஷயம் என்று அவன் கேட்டான். போனைப் பற்றி என்றார்.

பார்சல் கொடுக்கிற நடுவில் வந்தான். செருப்பைக் கழற்றியவன் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றான். தொக்சு முகத்தை ஒருபுறம் சாய்த்து, ஓரக்கண்ணில் அவனைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"டிப்போ ஆளு யாருமில்ல. நான் வச்ச பேருதான். உனக்கு வச்சதுதான்."

"தெரியும் மாமா."

"அன்னிக்கே தெரியுமா?"

"பேரு முன்னாடியே தெரியும். உங்க மன்றத்துல பார்சல் குடுக்கப் போனா, 'தண்டச்சோறு வந்தாச்சு'ன்னு உள்ள பேசிக்குவாங்க. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டு." அவன் குனிந்து செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தான். "அவங்க பேசறதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க எழுதியே வச்சிருப்பீங்கன்னு நினைக்கல."

தொக்சு கையிலிருந்த போனைத் திறந்து மூடினார்.

"அந்த ரெண்டு வருஷம் நான் அதுதான் மாமா," என்றான் யூன்சிக். "இல்லன்னு சொல்லமாட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கல. ஆனா அதுக்கப்புறம் எத்தனை வருஷம் ஓடியாச்சு? நீங்க ஒரு நாளாவது நிமிந்து பாத்தீங்களா? அப்பக் கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு," என்றார் தொக்சு. "பாக்கல."

மன்னிப்பு என்ற சொல் அவருக்குப் பழக்கமில்லை. மருமகனிடம் அதை எந்த மாதிரி சொல்வது என்று அவர் தலைமுறையில் யாரும் கற்றுக்கொடுத்ததும் இல்லை. "தப்பு. பெரிய தப்பு," என்று மட்டும் சொல்லி, சிவப்புப் போனை நீட்டினார். "மாத்திக் குடு."

யூன்சிக் வாங்கவில்லை. உள்ளே வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"நீங்களே மாத்துங்க. அமுக்கினா அதுவே எழுத்தச் சொல்லும். நான் வழி சொல்றேன்."

அது சுலபமாக இல்லை. புள்ளி புடைத்த ஐந்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து விரலை நகர்த்த வேண்டும். ஒரு எழுத்து சரியாக விழுந்தால் அடுத்தது தவறும். அழித்தால் இரண்டாக அழியும். பாதி வழியில் தொக்சு நிறுத்தினார். 'தாக்' என்கிற குடும்பப் பெயரும் 'யூன்'னும் போட்டாகிவிட்டது. பெயரின் கடைசிப் பகுதி 'சிக்'கா 'சோக்'கா என்று அவருக்குச் சந்தேகம். கல்யாணப் பத்திரிகையில் பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் எழுதியதும் இல்லை, முழுதாக உச்சரித்ததும் இல்லை. கேட்காமல் முடியாது. கேட்டார். தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டார்.

"சிக்," என்றான் யூன்சிக். சற்றுப் பொறுத்து, "எங்கம்மாவே சில சமயம் தப்பா எழுதுவாங்க," என்றான். அது நிஜமா, அவருக்காகச் சொன்னதா தெரியவில்லை.

முடித்ததும் அவன் எழுந்தான். வண்டியில் இன்னும் பெட்டிகள் இருந்தன. தொக்சுவும் எழுந்து வாசல்வரை வந்தார்.

"சாப்ட்டுப் போங்க," என்றார்.

அந்த 'போங்க' எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. இருவரும் கூச்சத்தில் ஒரு கணம் விறைத்து நின்றார்கள்.

"நீன்னே சொல்லுங்க மாமா," என்றான் யூன்சிக். "பயமா இருக்கு." போய்விட்டான். அவன் போனில் தன்னை என்ன பெயரில் வைத்திருக்கிறான் என்று கேட்க தொக்சுவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று விட்டுவிட்டார்.

அன்று மத்தியானம் முதியோர் மன்றத்துக்குப் போனார். பூச்சீட்டு ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் பூ எது, பறவை எது என்று தெரியாமல் போனதிலிருந்து அவர் சுவரோரம் சாய்ந்து பேச்சு மட்டும் கேட்பார். டிப்போவில் அவரோடு இருந்த கோங், தொக்சுவின் சட்டைப்பையில் சிவப்பாகத் தெரிந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்னப்பா இது, பொண்டாட்டி லிப்ஸ்டிக் மாதிரி! தண்டச்சோறு வாங்கிக் குடுத்தானா?"

சிரிப்பு எழுந்தது. தொக்சுவுக்கு எத்தனையோ தடவை இனித்த சிரிப்பு. இதைக் கேட்டுக்கொண்டுதான் அவன் வாசலில் பெட்டியோடு நின்றிருக்கிறான்.

"தாக் யூன்சிக் வாங்கிக் குடுத்தார்," என்றார்.

"அது யாரு?"

கோங் நிஜமாகவே கேட்டார். சீட்டாடிய ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. இவர் சொல்லியிருந்தால்தானே.

"என் மாப்பிள்ளை," என்றார் தொக்சு. "மிரான் வீட்டுக்காரர். இங்க பார்சல் கொண்டு வருவாரே, அவருதான். இனி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

சீட்டு விழுகிற ஓசை நின்றுவிட்டது. கோங்குக்கு முகம் சுண்டிப் போயிருக்க வேண்டும், குரலில் தெரிந்தது.

"எங்க மேல ஏம்ப்பா எரிஞ்சு விழறே? நீ சொல்லிக் குடுத்ததைத்தானே நாங்க சொன்னோம்?"

"ஆமா," என்றார் தொக்சு. "நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

சிறிது நேரத்தில் ஆட்டம் மறுபடி தொடங்கியது. தொக்சு எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். போகவில்லை. சுவரில் சாய்ந்தபடி, காது சூடு தணியாமல், அங்கேயே உட்கார்ந்திருந்தார்.